ஒற்றை அணுவும் எங்கள் அண்ணனும்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மத்தியானத்துக்குள் நாலு முறை மனசை மாற்றிக்கொண்டார்.

அண்ணனுக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனி. மகள் யாழினி இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். வெளிநாட்டு லேப் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் 'வருகிறேன்' என்று மெயில் அனுப்ப வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"அப்பா சரின்னு சொல்லாம அனுப்ப மாட்டேனுங்கத்தை" என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

சரி சொல்வதில் அண்ணனுக்கு என்ன கஷ்டம்? ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் எந்த முடிவுக்கும் ஒரு சடங்கு உண்டே... "எதுக்கும் நாலு பேரை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க!"

கேட்டார். சோபாவில் அவருக்கு இடப்பக்கம் பங்காளி சின்னசாமி. வலப்பக்கம் அண்ணியின் தம்பி செல்வராஜ். பங்காளி காதோரம் குனிந்து, "அனுப்பி உடுங்க, நம்ம குடும்பத்துக்கே பெருமை" என்றால் அண்ணன் "போகட்டும்" என்பார். செல்வராஜ் மறு காதில், "கல்யாணத்தை முடிச்சுப்போட்டு அனுப்பலாமுங்க மச்சான்" என்றால் "அதுவும் சரிதான்" என்பார். கொடுமை!

நடுவில் செல்வராஜுக்கு ஒரு சந்தேகம். "ஏங்கண்ணு, அங்க போயி நீ என்னதான் பண்ணுவ?"

"ஒரு பரப்பு மேல ஒரே ஒரு அணுவை உக்கார வெச்சு, அது காந்தமா நிக்குதான்னு பாப்பேனுங்க மாமா."

"ஒரே ஒரு அணுவா?" தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "சாம்பிளுக்கே இத்தனை வருஷம்னா, பல்க் ஆர்டரை எப்பக் கண்ணு முடிப்பீங்க?"

அவள் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னாள். அந்தக் காந்தம் மேல் பார்த்து நிற்கலாம், கீழ் பார்த்தும் நிற்கலாம். அணு அதேதான் — ஆனால் உட்காரும் இடத்தைப் பொறுத்து குணம் மாறும். அடியில் இருக்கும் அணுக்கள் மூன்று பக்கமும் ஒரே மாதிரி அமைந்தால், சில அணுக்கள் புரளாமல் நிற்குமாம். இரண்டு பக்கமாக மட்டும் இழுத்தால்... சட்டென்று தலைகீழ். "இதைச் சமச்சீர்னு சொல்லுவோமுங்க."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சோபாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் எந்திரிங்க."

ஹாலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள். சுற்றி மூன்று பக்கமும், சம தூரத்தில் அண்ணி, பங்காளி, செல்வராஜ். யார் வாயும் அவர் காதுக்கு எட்டாது. எதையும் எல்லோர் முன்னாலும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான், செல்வராஜுக்குத் தொண்டை கட்டிவிட்டது! காதோரம் ஊதியதையெல்லாம் அக்கா முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? பங்காளியும் கப்சிப். நம்மில் முக்கால்வாசிப் பேரின் ஆலோசனை ரகசியமாகச் சொன்னால்தான் எடுபடும் போலிருக்கிறது.

அண்ணி மட்டும் கேட்டார். "நீங்க என்ன நெனைக்கறீங்க?"

முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அண்ணன் தரையைப் பார்த்தபடி, "எனக்கு அவ போகோணும்னுதான் ஆசை" என்றார். எனக்கும்தான்.

ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கையில் யாழினி உள்ளே போய் மெயிலை அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மூலனூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன். பேசி முடித்த அண்ணன் மெல்ல வந்தார். "கண்ணு... இன்னும் ரெண்டு நாள் டைம் கேக்கலாமா?"

"அனுப்பிட்டேனுங்கப்பா."

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கத்துவாரோ?

அண்ணன் பெருமூச்சு விட்டார். போனை ஆஃப் செய்தார். அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில்!

இனி அவரை யார் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம் — முடிவைத்தான் திருப்ப முடியாது.