மீன்செட்டைக் கார்

புஷ்பராணி கார் வாங்கப் போகிறாள் என்றதும் ஏதோ சின்ன ஜப்பான் காராக இருக்கும் என்றுதான் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதித் தமிழ்ச் சனம் நினைத்தது. ஐம்பதை எட்டப்போகிறவள், முதல் கார், வேறென்ன வாங்குவாள்? அவளோ பழைய அமெரிக்கக் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் சந்திரகுமார். 1992இல் அவளுடைய தங்கைக்கு ஒஸ்லோவில் கலியாணம். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் முதல்நாள்வரை மீன் வெட்டிவிட்டு வந்து சேர்ந்திருந்தாள் புஷ்பராணி. மாப்பிள்ளையின் அண்ணனான சந்திரகுமார் தன் நீல அமெரிக்கக் காரில் பெண்ணை அழைத்துப்போக வந்தான். தங்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவளை அத்தனை பேருக்கும் முன்னால் இறக்கிவிட்டான்.

“உங்கடை கையிலை மீன் மணக்குது. சீற்றிலை பிடிச்சிடும். நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ.”

பின்னால் மீனுக்குப் போல இரண்டு செட்டை நிமிர்ந்து நிற்கிற காரை வைத்துக்கொண்டு இவனுக்கு மீன் மணக்கிறதாம்! ஞாயிற்றுக்கிழமை பஸ் நாற்பது நிமிடம் கழித்தே வந்தது. கூறைச்சேலையில் தங்கை தலைகுனிந்து தாலி வாங்கியதை அவள் பார்க்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பதினான்கு வருடம் அந்த நெருப்பை அவள் அணையவிடவில்லை. ஒஸ்லோவுக்குக் குடிவந்து பஸ் பட்டறையில் பஸ் கழுவினாள். பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு இரும்பை எப்படித் தின்கிறது என்று அடிப்பக்கமாகப் பார்த்தே பழகினாள். அங்கே தகரம் ஒட்டுகிற யோசேப்பு அவளுக்குப் புத்தி சொன்னான்.

“பெயின்றைப் பாத்து மயங்காதேங்கோ அக்கா. எஞ்சின் நல்லா இருக்கவேணும். கண்ணாடியும் பளபளக்கிற சாமானும் குறையக்கூடாது, அதுகள் இப்ப தேடினாலும் கிடையாது. தகரம் உக்கினா நான் ஒட்டித் தருவன்.”

பார்த்த கார்களில் ஒன்றுக்கு எஞ்சின் இருமியது. இன்னொன்றுக்குப் பின்கண்ணாடி இல்லை. மூன்றாவதும் சரிவராமல் போனபோதுதான் விளம்பரம் கண்ணில் பட்டது. அதே நீலம், அதே செட்டை. சந்திரகுமார் அதைத் தமிழ்க் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு இப்போது விற்கிறான்.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி வளவில் பழைய கார்க்காரர்கள் கூடும் மாலையில் அவளும் யோசேப்பும் அவனைச் சந்தித்தார்கள். அவளைக் கண்டதும் அவனுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் விற்கவேணுமே, பல்லைக் காட்டினான்.

“ஒரு பொட்டுத் துரு இல்லைத் தங்கச்சி. பொன் மாதிரிப் பாத்தனான்.”

யோசேப்பு முன்பக்கம் குனிந்து பார்த்தான், சுத்தம். புஷ்பராணி நேரே வலப்பக்கப் பின்கதவுக்குப் போனாள். பொம்பிளை மாப்பிள்ளை இறங்குகிற கதவு அதுதான். ஒவ்வொரு கலியாணத்திலும் ஆலாத்தி எடுத்த மஞ்சள் தண்ணீரை, காருக்கும் கண்ணூறு கழியட்டும் என்று, அந்தக் கதவடியில்தான் ஊற்றச் சொல்வான் இந்தப் புத்திசாலி. தண்ணீர் உள்ளே இறங்கித் தகரத்தைத் தின்னும் என்று தெரிந்தும் அவள் எத்தனையோ கலியாணத்தில் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறாள்.

கம்பளத்தைக் கிளப்பித் திருப்புளியால் குத்தினாள். தளத்தைத் துளைத்துக்கொண்டு அது கைப்பிடிவரை போனது. உக்கல் நாற்றம் குப்பென்று வந்தது. நின்ற நோர்வேக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், தமிழரும்தான்.

“மணக்குது அண்ணை,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “சீற்றிலையும் பிடிச்சிட்டுது.”

பிறகு வந்தவன் ஒருவனும் விலை கேட்கவில்லை. எஞ்சின் திறம், கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இரும்புக்கடை விலைக்கு அவளே அதை வாங்கினாள். கையெழுத்துப் போட்டு முடிய, சந்திரகுமார் சால்வையைச் சரிசெய்துகொண்டு பின்கதவில் கைவைத்தான்.

“நானும் ரொம்மனுக்குத்தானே. ஒருக்கா இறக்கிவிடுங்கோவன்.”

“என்ரை கையிலை மீன் மணக்கும் அண்ணை. நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ.”

அவன் கையை எடுத்தான். அவள் காரைக் கொண்டுபோய் பஸ் தரிப்பிடத்துக்கு நேரெதிரே நிறுத்திவிட்டு, அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போவமே அக்கா?” என்றான் பக்கத்தில் இருந்த யோசேப்பு.

“பொறும்.”

பத்தே நிமிடத்தில் பஸ் வந்து அவனை ஏற்றிப் போய்விட்டது. புஷ்பராணி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் நாப்பது நிமிசம் நிண்டனான் யோசேப்பு,” என்றாள். “தாலி கட்டினதை நான் பாக்கேல்லை.”