அத்தையின் ஜெபமும் கிராங்க் சென்சரும்

எங்கள் வீட்டுக் கார் பாதி பெட்ரோலில் ஓடியது, பாதி அத்தையின் ஜெபத்தில் ஓடியது. குடும்பத்தில் ஒருவருக்கும் இதில் சந்தேகம் இல்லை.

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்த காலம். அப்பா கல்ஃபில். எங்கள் ஊரான காரோட்டிலிருந்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் தங்கையான அத்தைதான் கார் ஓட்டுவார். பள்ளி விடுமுறையில் நானும் ஒட்டிக்கொள்வேன். வழியில் உதியன்குளங்கரை வந்ததும் வண்டி நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், பற்றாது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் நல்ல பிள்ளையாக ஓடும்.

ஒருமுறை கூட வந்த அம்மாவின் தம்பி, என் மாமா, ஜெபித்துப் பார்த்தார். இரண்டே வரி. வண்டி அசையவில்லை. அத்தையோ நோயாளிகள், விதவைகள், கடலுக்குப் போனவர்கள் என்று எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் காருக்கு வருவார். ஆமென் சொல்லிச் சாவியைத் திருப்பினால் புறப்பட்டுவிடும். "இந்த அக்காவுக்கு மேலிடத்துல நல்ல பிடிபாடு உண்டு" என்றார் மாமா, அத்தையைக் காட்டி.

ஒருநாள் கிளம்பவே தாமதம். பிந்தினால் டயாலிசிஸ் மிஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். முந்தைய முறை அப்படித்தான் தவறிப்போனது. அம்மாவின் முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. எழவெடுத்த வண்டி அன்றும் அங்கேயே நின்றது. அத்தை ஜெபம் தொடங்கினார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். ஆண்டவரே, அத்தையின் இரண்டு கண்களும் திறந்திருந்தன! வாய் விதவைகளுக்காக மன்றாட, கை சாவியைத் திருப்பியது. கண் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளில் இருந்தது. இன்ஜின் சுற்றியும் முள் எழவில்லை. ஜெபத்தை நிறுத்தாமலே இறங்கி, பானட்டைத் தூக்கி, பாட்டில் தண்ணீரை உள்ளே ஓரிடத்தில் கவிழ்த்தார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். முள் எழுந்தது, வண்டி உறுமியது. "ஆமென்" என்றார். கண்மூடியிருந்த அம்மாவும் "ஆமென்" என்றார்.

அம்மாவுக்கு மிஷின் கிடைத்தது. அவர் படுத்ததும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"கிராங்க் சென்சர் ஆக்கும். சூடானா சத்துப்போவுது, ஆறினா பிழைச்சுக்கிடுது. நான் ஒருநாள் ஜெபிக்காம சும்மா இருந்தும் பாத்தேன். அப்பவும் கிளம்பிச்சு."

மெக்கானிக் சிரித்தார். ஸ்கேனரை மாட்டி, இன்ஜினைச் சூடாக்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய சாமானாம் அது. மாற்றியாயிற்று.

"அம்மைகிட்ட சொல்லாண்டாம் மக்கா" என்றார் அத்தை. கண்ணைத் திறந்து ஜெபித்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கார் தானாக எங்கும் நின்றதில்லை. அதில் போய்வந்துதான் அம்மா நான் கல்லூரி முடித்ததைக் கண்ணால் பார்த்தார். அத்தைக்கு எவ்வளவு செய்தாலும் தகும்.

ஆனால் சென்சர் மாற்றியதற்கு அடுத்த முறை போனபோது, உதியன்குளங்கரையில் அத்தையே வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். ஊசிக்குப் பயந்த அம்மா பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அதே நீள ஜெபம். கேட்கக் கேட்க அம்மாவின் பிடி தளர்ந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அத்தையின் கண்கள் இறுக மூடியிருந்தன, கன்னம் நனைந்திருந்தது. புது சென்சரும் சரியில்லையோ என்று எனக்கு ஒரே கவலை.