மேஸ்திரி குடிக்காத தண்ணீர்

அலுமினிய மக் நிறையத் தண்ணீர் மொண்டு மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நான் நின்றது ஏப்ரல் மாதத்து உச்சிவெயிலில். அந்தமானில் சௌல்தாரிப் பக்கம் ஓர் ஓடைமேல் சின்னப் பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். அறுபதுகளின் நடுவில் இருக்கும். எனக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ; வாய் மட்டும் அறுபது வயதுக்காரியுடையது. "குடிங்க மேஸ்திரி. இல்லைன்னா எந்தச் சாதின்னு சொல்லிட்டுப் போங்க" என்றேன். ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

என் ஆத்திரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ராமநாதபுரத்தில் எங்கள் ஆட்கள் ஊர்க்கிணற்றில் வாளி இறக்க முடியாது. இங்கே வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர், மலையாளி, நாங்கள் எல்லோருக்கும் ஒரே டிரம், ஒரே மக். "சாதியைக் கடல்ல போட்டுட்டுத்தான் கப்பல் இங்க கரை சேரும்" என்பார் என் மாமியார். அந்தமானுக்கு வந்தவர்களுக்கு அன்று இருந்த பெரிய பெருமையே அதுதான். அப்படிப்பட்ட இடத்தில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த இந்த மேஸ்திரி மட்டும் காலையில் மஸ்டர் என்ற வருகைப் பதிவில் பெயர் கொடுத்ததிலிருந்து மாலை வேலை முடியும்வரை டிரம்மைத் தொடமாட்டார். ஈரத் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொள்வார்; புளியை உருட்டி வாயில் அடக்கிக்கொள்வார். எங்கள் தண்ணீர் அவருக்குத் தீட்டு என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம்.

மேஸ்திரியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. மஸ்டரில் ஆண் பெயர். ஆனால் நடையும், பேச்சும், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வதும் பெண்ணுடையவை. தலைத்துண்டுக்குள் கொண்டை இருந்தது. திருநங்கை என்ற மரியாதையான சொல் அன்று எங்களிடம் இல்லை. இருந்த சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. கல் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் ஓவர்சியர் அவரை வேலையில் வைத்திருந்தார். வைத்த கல் லேசாக ஆடினால்கூட, "இவளுக்கு இங்க உக்கார இஷ்டமில்ல, வேற எடம் கேக்கா" என்று எடுத்து வேறு பக்கம் வைப்பார்.

அன்று என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமில்லை, கணக்குப் போடுவதுபோல ஒரு பார்வை. மக்கை வாங்கி அண்ணாந்து குடித்தார். கைதட்டினார்கள். "அவுர் ஏக்!" என்று ஒருவன் கத்த, இன்னொரு மக். அப்புறம் மூன்றாவது. ஜெயித்துவிட்ட திமிரில் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு மணிக்குமேல் மேஸ்திரி, ஆண்கள் ஒதுங்கும் பாக்குத்தோப்புப் பக்கம் நடந்தார். இரண்டு இளவட்டங்கள் கண்ணடித்துக்கொண்டு எழுந்தார்கள். "அரே, மேஸ்திரி நிக்குதா உக்காருதான்னு பாத்துட்டு வர்றோம்." மேஸ்திரி பாதியிலேயே திரும்பி வந்தார். அரைமணி கழித்து மறுபடி போனார்; மறுபடி அவர்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில், அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழிக்குள் இறங்கினார். ஊற்றுத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அடிக்கல்லைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியவர், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கல்லைப் பார்க்கிறவர் கண்ணை ஏன் மூடுகிறார் என்று யோசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. தலையில் இருந்த கூடையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

சாயங்காலம் அவர் குடிசைக்குப் போனேன். கொத்துக் கரண்டியையும் தூக்குக்குண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தண்ணி மேல எனக்கு என்ன கோவம், தங்கச்சி. குடிச்சா போவணும். போனா பின்னாலயே வருவானுக."

இதற்கு முன் அவர் இருந்த மரம்வெட்டும் கேம்பில் பின்னால் வந்தவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. "அதுக்கப்புறம் இந்த உடம்பே காவக்காரனா ஆயிட்டு. தூங்கயிலும் கதவப் பாத்துத்தான் படுக்கேன்" என்றார். பகலெல்லாம் அடக்கி அடக்கி, ராத்திரி போகும்போது நெருப்பாய் எரியுமாம். அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் திரும்பப் போவதாகச் சொன்னார்.

"அங்க யாரு இருக்கா, அக்கா?" என்றேன். அக்கா என்று அதுவாகவே வந்தது.

"அண்ணன்மார் இருக்காவ. தலைய மழிச்சு, கால்ல சங்கிலி போட்டு ஒரு வருசம் மாட்டுக்கொட்டாய்ல வச்சிருந்தாவ. இப்பம் சங்கிலி துருப்பிடிச்சிருக்கும்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய மூன்று மக் தண்ணீர் அவரை அந்தக் கொட்டாய்க்கு அனுப்பப்போகிறது.

பெண்கள் நாங்கள் ஏழு பேர். தினமும் முற்பகலில் கூட்டமாக, கையில் கம்போடு, ஓடைக்கு அந்தப் பக்கம் புதருக்குப் போவோம். கம்பு பூரானுக்கு; இந்தத் தீவுப் பூரான் முழங்கை நீளம் இருக்கும். மறுநாள் காலை அவர்களிடம் மேஸ்திரியையும் கூட்டிப்போகலாம் என்றேன்.

"எம் புருஷன் கேட்டா என்னன்னு சொல்ல?" என்றாள் ஒருத்தி.

நாங்கள் பௌதி என்று கூப்பிடும் வங்காளத்து அண்ணி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பூரான் அடிக்க ஒரு ஆளு வருதுன்னு சொல்லு. உன் புருஷன் ஒரு நாள் வந்து அடிச்சான் க்யா?" என்றாள்.

ஐந்து பேர் சம்மதித்தோம். இரண்டு பேர் கடைசிவரை தனியாகவே போனார்கள். முதல் நாள் மேஸ்திரி புதருக்குள் போனதும் நாங்கள் முதுகைக் காட்டி வரிசையாக நின்று சத்தமாகக் குழம்பு பற்றிப் பேசினோம். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். அந்தக் கப்பல் அவர் இல்லாமல் போயிற்று.

அவர் கடைசிவரை தீவிலேயே இருந்தார். இப்போது டெலானிபூரில் என் மகள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு திருநங்கைப் பெண் சேர்ந்திருக்கிறாள். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது அவள் மட்டும் வீட்டுக்குப் போய் வருகிறாளாம். வீடு எங்கே என்று கேட்டேன். லம்பா லைன் என்றாள் மகள். அவ்வளவு தூரம் பஸ் பிடித்து ஒருத்தி தினமும் எதற்குப் போய் வருகிறாள் என்று யோசிக்க என் மகளுக்குத் தோன்றவில்லை. "நாங்கள்லாம் அவகிட்ட நல்லாத்தாம்மா பழகுறோம்" என்கிறாள்.

நல்லாப் பழகுவது என்றால் என்ன என்பது எனக்கும் ஒரு நாள் வரை தெரியாது. பாலம் முடிந்து சாலை வேலைக்குப் பிரித்து அனுப்பியபோது, மேஸ்திரி இருந்த பக்கம் பெண் என்று நான் ஒருத்திதான். "ஊரே சிரிக்குது. இனிமே அதுகூட ஒதுங்கினா வீட்டுப் பக்கம் வராத" என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள்தான். அதற்கடுத்த நாள் மனசு கேட்காமல், வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மேஸ்திரி கல்மேல் உட்கார்ந்திருந்தார். முகம் அடிபட்டு வீங்கிக் கிடந்தது. நான் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"நீ வரலன்னு எனக்கு வருத்தமில்ல, தங்கச்சி" என்றார். "வருவன்னு நம்பி நேத்துக் காலையிலயே தண்ணி குடிச்சிட்டேன். அதாம்."