பதில் சொல்லக் கூடாத வாத்தியார்

சமூக அறிவியல் வாத்தியாருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது புது விதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நானும் இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். எட்டாம் வகுப்புக்குள் சாக்பீஸோடு போய்க் குழம்பி வெளியே வருகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள் என்பது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கீழே வருவதில் ஒரு முக்கியமான பகுதி நான் கண்ணால் பார்த்தது இல்லை. கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் தெரியும். அதை நான் நான்கு வருடமாகச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். சந்தேகத்தோடே பல கூட்டங்களில் எடுத்தும் சொல்லியிருக்கிறேன்.

கேள்விக்குப் பதில் கேள்வி

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அடுத்த வருடம் கடலூரில் மூன்று நாள் பயிற்சி. விஷயம் இதுதான்: இனி பாடத்தை வாத்தியார் சொல்ல வேண்டாம், பிள்ளைகளே கேள்வி கேட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்து, விசாரித்துக் கண்டுபிடிக்கட்டும். பிள்ளை நம்மிடமே கேள்வி கேட்டால்? "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பயிற்சியில் எங்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து இதை மட்டும் அரைமணி நேரம் சொல்லிப் பார்க்கச் செய்தார்கள். தலை நரைத்த நாற்பது பேர் ஒருவரையொருவர் பார்த்து "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

விருத்தாசலம் திரும்பியதும் ஆரம்பித்துவிட்டேன். ரயில்வே ஜங்ஷனை ஏன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கட்டவில்லை என்று ஒருவன் கேட்டான். "நீ என்ன நினைக்கிறே?" என்றேன். "தெரியாமத்தான சார் கேக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் அவனுடைய அப்பா வந்தார். நல்லூர்ப் பக்கத்து விவசாயி. செருப்பை வகுப்புக்கு வெளியே கழற்றிவிட்டு வந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "மாட்டுக்கு ஏன்டா தண்ணி காட்டலன்னு கேட்டா, 'நீ என்னப்பா நினைக்கிறே'ங்குறான் சார். கேட்டா நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாம்."

கலர் அடிக்காத இடம்

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை வரைபடமாகப் போட்டு வரச் சொன்னேன். பார்ப்பது எதுவோ அதைத்தான் போட வேண்டும் என்பது நிபந்தனை. கோபுரம் வந்தது, மணிமுத்தாறு வந்தது. ஒருவன் தன்னைத் துரத்தும் நாய்களை மட்டும் தெருவாரியாகப் போட்டிருந்தான். யாழினி என்ற பெண் கொண்டுவந்த படத்தில் தெரு, வாய்க்கால், வேப்பமரம் எல்லாவற்றுக்கும் கலர். நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெறும் தாள். அது பீங்கான் யூனிட்டுகள் இருக்கும் பகுதி.

"கலர் தீந்துபோச்சா?" என்றேன். விதியை மீறி நானே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. யாழினியின் அம்மா செல்வி ஒரு யூனிட்டில் வேலை செய்கிறார். அச்சில் ஊற்றி எடுத்த கொலு பொம்மை காய்ந்ததும், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தடம் நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை. யாழினி தாளை என் கையிலிருந்து வாங்கிச் சரிபார்த்துவிட்டு, என் அறியாமையைப் பொறுத்துக்கொள்கிற குரலில் சொன்னாள்: "அங்க எல்லாமே வெள்ளையாதான் சார் இருக்குது. எங்கம்மாவே வெள்ளையாதான் வூட்டுக்கு வருவாங்க."

பதினெட்டு மாஸ்க்

'நம் ஊர்த் தொழில்' என்று ஒரு விசாரணை வைத்தோம். கேட்க வேண்டிய கேள்விகளை வகுப்பிலேயே லிஸ்ட் போட்டுக்கொண்டோம். யூனிட்டுக்குள் பிள்ளைகளை விட அனுமதி வாங்கித் தந்தவரே செல்விதான். சூப்பர்வைசரிடம் "எம்பொண்ணு படிக்கிற ஸ்கூலு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். பதினெட்டுப் பிள்ளைகளோடு போனோம். என் பாடத்தைப் பார்த்து அறிக்கை எழுத ஓர் அலுவலரும் நோட்டோடு கூட வந்தார். வாசலிலேயே சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார். "தூசி பாப்பா, மூக்க நல்லா மூடிக்குங்க." நல்ல மனிதர். கொரோனாவில் வாங்கியது நிறைய மிச்சம் என்றார்.

உள்ளே செல்வியையும் சேர்த்து ஒன்பது பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொம்மையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் மாஸ்க் இல்லை. ஒருவர் மட்டும் முந்தானையை மூக்கில் சுற்றியிருந்தார். யாழினி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், லிஸ்ட்டுல இல்லாத ஒரு கேள்வி. நமக்கு மட்டும் மாஸ்க் குடுத்தாங்க, இவங்களுக்கு ஏன் இல்லன்னு கேக்கலாமா?" செல்வி அவள் அம்மா என்பது எனக்குத் தெரியும். அது கேட்கக்கூடிய இடமா என்பதும் ஐம்பது வயதைத் தாண்டியவனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அலுவலர் என் வாயைப் பார்த்துக்கொண்டு பேனாவோடு நின்றார். நான் சொன்னேன்: "நீ என்ன நினைக்கிறே?" யாழினி யோசித்தாள். "கேக்கலாம்னுதான் சார் நினைக்கிறேன்."

கேட்டாள். ஒன்பது பிளேடும் நின்றன. செல்வி மட்டும் தலையைத் தூக்கவில்லை. சூப்பர்வைசர் சிரித்து, "இவங்களுக்கெல்லாம் பழகிடிச்சி பாப்பா" என்றார். சொன்ன பதிலைச் சொன்னபடியே எழுத வேண்டும், அதிலிருந்து அடுத்த கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, துளிக்கூடக் குத்தல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "பழகறதுக்கு எத்தினி நாளாகும் சார்?" சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா தயார் பண்ணித்தான் கூட்டியாந்திருக்கீங்க சார்."

பாராட்டு

திரும்பும் வழியில் டீக்கடையில் அலுவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுதான் சார் விசாரணை! அடுத்த பயிற்சில நீங்களே வந்து பேசுங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து பஜ்ஜி சாப்பிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாலையில் ஆசிரியர் அறையில் மேரி டீச்சரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கணக்கு டீச்சர். யாழினியின் வகுப்பாசிரியை. செல்வி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். விடைத்தாள் கட்டைக் கட்டிக்கொண்டே கேட்டவர், நான் "நீ என்ன நினைக்கிறே" என்று சொன்ன இடத்தில் கயிற்றை விட்டுவிட்டார். "சார், அந்தப் பொண்ணு உங்ககிட்ட கேட்டது கேள்வி இல்ல. அனுமதி."

டி.சி.

அரைப் பரீட்சை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் நான் இல்லை. கடலூரில், புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னால், 'பழகறதுக்கு எத்தினி நாளாகும்' என்று ஒரு மாணவி கேட்ட கதையைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் யாழினி உட்காரும் இடம் காலி. முந்தின நாள் செல்வி வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அவரிடம் பேசியது மேரி டீச்சர் மட்டும்தான்.

ஓடிப்போய்க் கேட்டேன். செல்வி வேலையை விட்டுவிட்டார், அவராகவே விட்டுவிட்டார், திருப்பூரில் தம்பி கூப்பிட்டுக்கொண்டார், பனியன் கம்பெனியில் வேலை ரெடி, அங்கே நல்ல பள்ளிக்கூடமும் இருக்கிறது என்று டீச்சர் மூச்சு விடாமல் சொன்னார். நான் ஒரு கேள்வி கேட்பதற்குள் இத்தனை பதில்கள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொன்னால் மனப்பாடம் செய்து வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு நான் கண்டுபிடிக்க விரும்பவில்லை. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க சார். உங்களுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. போயி சாப்புடுங்க."

நேரில் பார்த்தது, கேள்விப்பட்டது

ஆதாரங்களை இரண்டாகப் பிரிக்கும் பாடம் உங்களுக்கும் பழக்கமானதுதான். நேரில் பார்த்தவர் சொல்வது ஒரு பக்கம், கேள்விப்பட்டவர் சொல்வது மறு பக்கம். வருடாவருடம் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரிக்கிறேன். யாழினி போன மறு வருடம் அப்படிக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான், செல்வி விஷயத்தில் நேரில் பார்த்த பக்கத்தில் எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை என்பது உறைத்தது. அதே வருடம் பேச்சுவாக்கில் மேரி டீச்சர், "திட்டக்குடியில செல்வியோட அக்கா இருக்காங்கல்ல, அங்கதான" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். திருப்பூர் எங்கே, இங்கே பக்கத்திலிருக்கும் திட்டக்குடி எங்கே?

கம்ப்யூட்டரில் பார்த்திருக்கலாம். டி.சி. வாங்கிய பிள்ளையை வேறு பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டால் பதிவாகும். தலைமையாசிரியரிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. நான் கேட்கவில்லை. இன்னொரு பயிற்சியில் அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், பின் வரிசையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு டீச்சர் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டார். திருப்பூர் என்று சொல்லி உட்கார்ந்தேன். என் குரலில் இருந்த உறுதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "அந்தப் பொண்ணு இப்ப எங்க சார் படிக்குது?"

வாசல் பெட்டி

போன வருடம் கொலுவுக்குப் பொம்மை பார்க்கிற சாக்கில் அந்த யூனிட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு தகரப் பெட்டி தொங்கியது. உள்ளே நிறைய மாஸ்க். நெஞ்சு லேசானது மாதிரி இருந்தது. யூனிட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஒருவரும் போடவில்லை. முந்தானைக்காரப் பெண்மணி மட்டும் அதே மாதிரி முந்தானையைச் சுற்றியிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "ஸ்கூலு சாரு தான? வாங்க. அதப் போட்டா வேர்த்துக் கொட்டுது சார், கண்ணாடி வேற ஆவி புடிச்சிக்குது. ஆனா பொட்டி மாட்டினது ஒங்க புள்ளைங்க வந்துட்டுப் போனப்புறம்தான்."

நான் நன்மை செய்தேனா, தீமை செய்தேனா, இல்லை யாருக்கும் உபயோகப்படாத ஒரு பெட்டியை மாட்டிவைத்தேனா என்று தெரியாமல் நின்றேன். செல்வி அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே நின்றுவிட்டாரா என்று கேட்டேன். "மறுநாளா, மறு வாரமா, நெனப்பு இல்ல. பொங்கலுக்கு முன்னாடி" என்றார். ஏன் நின்றார் என்றேன். அவர் பிளேடைக் கீழே வைக்கவே இல்லை. "சூப்பர்வைசரு உள்ள கூப்ட்டுப் பேசுனாரு. வெளிய வந்தா, சிரிச்சிக்கிட்டுதான் வந்தா. அவளா நின்னாளா, அவங்க நிறுத்துனாங்களான்னு எங்ககிட்ட கேட்டா நாங்க என்னா சார் சொல்றது?"

இந்த வருடம்

மேரி டீச்சர் ஓய்வு பெறப் போகிறார். அவர் போய்விட்டால் அன்றைக்கு நடந்ததை அறிந்தவர் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. அவர் எனக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதை என் மனைவிக்கு முன்னால் கவனிப்பவர். அதனால்தான் அவர் சொன்னதை நம்ப முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் அது எனக்காகத்தான் இருக்கும். உண்மையாகவே இருந்தால், நான்கு வருடமாக ஒரு நல்ல மனுஷியை மனதுக்குள் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன். எது நடந்திருந்தால் எனக்கு நல்லது என்றுகூடத் தெளிவாகத் தெரியவில்லை.

நேற்று மதியம் ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். டீச்சர் அலமாரியைக் காலி செய்து, பழைய வகுப்பு போட்டோக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் எனக்குத் தெரியாமல் கவிழ்த்து வைத்தார். எந்த வருடத்துப் போட்டோ என்று நான் பார்த்துவிட்டேன்.

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததாக மேடையேறிப் பேசியவன், தன் சொந்தக் கேள்வி ஒன்றைக் கேட்க நான்கு வருடமும் இரண்டு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஒருவழியாகக் கேட்டது இதுதான்: "டீச்சர், டி.சி. வாங்க வந்த அன்னிக்கு செல்வி என்ன சொன்னாங்களோ, எனக்காக ஒண்ணும் மாத்தாம அப்படியே சொல்லுங்க. அவங்களா வேலைய விட்டாங்களா, இல்ல விட வெச்சாங்களா?"