ஒரு நிறுவனம், இரண்டு பதில்கள்

என் கோப்பின் ஒரு வரியில் அவள் விரல் நின்ற அந்தப் பிற்பகலை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவள். செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, ஆளுக்கொரு மேசை போட்டுத் தொழில் செய்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். கட்சிக்காரர்கள் என்னவோ என்னைத் தாண்டி அவளிடம்தான் போவார்கள்.

கல்பாக்கத்து ஆசிரியை ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார். செயலியில் வரவழைத்த சாப்பாடு கெட்டுப்போயிருந்ததால் மகளோடு மருத்துவமனையில் கிடந்தவர். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். ‘கொண்டுவந்தவர் தாமதித்தார். அவர் எங்கள் கட்டுப்பாட்டில் இருப்பவர், உடனே நீக்கிவிட்டோம்’ என்று நிறுவனம் பதில் தந்தது. படித்துவிட்டுக் கோப்பில் வைத்தேன்.

சாப்பாடு கொண்டுவந்து அப்படி நீக்கப்பட்டவர் படாளம் ஊர்க்காரர். அவர் அவளிடம் வந்தார். “கடையிலயே லேட்டாத்தான் குடுத்தாங்க மேடம். ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க. இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டா, போன்ல மிஷினு பேசிகினு கீது” என்றார். அவருக்காக அவள் தொடுத்த வழக்கில் அதே நிறுவனம், ‘அவர் எங்கள் ஊழியரே அல்ல’ என்றது.

ஸ்டேப்ளர் தேடி என் மேசைக்கு வந்தவள்தான் ‘எங்கள் கட்டுப்பாட்டில் இருப்பவர்’ என்ற அந்த வரியைப் பார்த்தாள். “ஏய், உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு சொல்றானுங்கடி! இதுல ஒரு காப்பி குடு.”

என் கண்ணெதிரே கிடந்த வரி. “கட்சிக்காரர்கிட்ட கேக்கணும்” என்றேன். இரண்டு நாள் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை அந்தப் படாளத்துக்காரர் வாசலில் நின்றார். அவள் இன்னும் வந்திருக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, “அந்த டீச்சரம்மாவுக்கு இப்ப உடம்பு பரவாயில்லீங்களா?” என்று கேட்டார். அவர் வேலையைப் பறித்த புகார் அந்த டீச்சரம்மாவுடையது. எனக்கு முகம் சுண்டிப்போனது. உடனே ஆசிரியைக்குப் போன் செய்து, நகல் கொடுக்கலாமா என்று கேட்டேன். “அந்தத் தம்பி மேல நான் புகாரே சொல்லலையே! நானே வந்து சொல்றேன்” என்றார் ஆசிரியை.

நகலை அவளிடம் கொடுத்தேன். ஆசிரியையும் சொன்னபடி அவள் வழக்கில் வந்து சாட்சி சொன்னார். நிறுவனத்தின் இரண்டு பதில்களையும் நீதிபதி அடுத்தடுத்து வைத்துப் படித்தார். “நீக்கும்போது உங்கள் ஆள், கேள்வி கேட்டால் யாரோவா?” என்றார். படாளத்துக்காரருக்கு ஐடி திரும்பக் கிடைத்தது. பிறகு என் வழக்கும் ஜெயித்தது.

“இவ குடுத்த பேப்பராலதான் ஜெயிச்சோம்” என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்தப் பெருந்தன்மைதான் என்னை அதிகம் சுட்டது.

கடைசியாக வந்தபோது ஆசிரியை தயங்கியபடி, “என் தங்கச்சிக்கு ஒரு கேஸ் இருக்கு. உங்க ஃபிரண்டு நம்பர் கிடைக்குமா?” என்றார்.

கொடுத்தேன். சரியான எண்ணைத்தான் கொடுத்தேன். அதற்கும் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.