தட்டில் இரண்டு கண்

இத்தாலிக்காரர்கள் முந்நூறு வருடம் மாய்ந்து மாய்ந்து வரைந்த அத்தனை புனிதர்களையும், எங்கள் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் அங்கிள் இடுப்பில் கட்டிய ஒரே சாரத்தோடு வரைந்து முடித்தவர். அந்தச் சாரம் இன்னும் தோய்க்கப்படவில்லை. தூரிகை துடைப்பதும் அதில்தான், மூக்குத் துடைப்பதும் அதில்தான்.

படங்கள் அதைவிட மோசம். பர்தலோமேயு தன் உரித்த தோலை, காயப்போட்ட சேட்டுப்போலக் கையில் தொங்கவிட்டிருப்பார். ஆகத்தாவின் தட்டில் அறுத்த மார்பு.

"என்ன வதை பட்டவையோ அதைக் கையில குடுத்தாத்தான் ஆர் எண்டு சனத்துக்குத் தெரியும், பிள்ளை," என்பார் அங்கிள். கீழ் வீட்டில் குடியிருக்கும் எனக்குச் சோறு இறங்காது.

வெள்ளவத்தைச் சரோஜினிதேவி அன்ரி, மகனின் கண் ஒப்பரேசனுக்கு முன் பூசையறையில் வைக்க, கண்ணுக்குக் காவலான புனித லூசியாவின் படத்தைக் கேட்டார். தட்டில் பிடுங்கிய இரண்டு கண்கள். சைவக்காரியான அன்ரி மாதிரிப்படத்தைப் பார்த்து உருகினார்.

"பாவம், நேர்த்திக்குக் கண்மலர் கொண்டு போறா போல."

கோயிலில் சாத்தும் வெள்ளிக் கண் என்று நினைத்துவிட்டார்! நான் வாயைப் பொத்தினேன்.

"ஓம், அதேதான்," என்றார் அங்கிள், வெட்கமே இல்லாமல்.

படம் கொடுக்கும் நாள், அவர் வெளியே போன நேரம் மேலே ஏறினேன். தட்டில் கண்ணுக்குப் பதில் பொரித்த முட்டையைத் தூரிகையால் கீறிவைக்கத்தான் போனேன். ஆனால் லூசியாவின் தட்டில் ஒரு கண் கூரையைப் பார்த்தது, மற்றது நிலத்தைப் பார்த்தது. அங்கிளின் கண்ணில் படர்ந்திருந்த வெள்ளை அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் படம் வெளியே போனால், இனி ஒருவரும் அவரிடம் படம் கேட்டு வரமாட்டார்கள்.

தூரிகையை எடுத்து இரண்டையும் நேராக்கி, மினுக்கத்துக்கு வெள்ளைப் பொட்டும் வைத்தேன்.

"ஐயோ, என்னையே பாக்கிறா!" படம் வாங்க வந்த அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கிள் படத்தின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டிவிட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

அன்ரி படியிறங்கியதும் அங்கிள் அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காயாத வெள்ளை ஒட்டியிருந்தது.

"கண்ணில வலப்பக்கம் ஒட்டினது. என்ரை படத்தில வெளிச்சம் இடப்பக்கத்து யன்னலால எல்லோ வாறது?"

"சும்மா பகிடிக்கு, அங்கிள்."

"பகிடிக்கு வந்த ஆள் கண்ணைக் கெடுக்கும். திருத்தாது." விரலைத் துடைக்கவில்லை. "எனக்குக் கண் தெரியேல்லை எண்டு எப்ப கண்டுபிடிச்சனி?"