காப்புக் கையோடு எல்லையைத் தாண்டினேன்

அம்மனை நம்பும் உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். போன பங்குனியில் என் பிள்ளையை இழந்தேன். என் மனைவி செல்வி பிழைத்தாள். நடந்ததில் என் தப்பும் இருக்கிறது.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் தீமிதிக்கு வருஷா வருஷம் காப்புக் கட்டுவேன். கட்டினால் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டிய மறுநாளே ஏழு மாதக் கர்ப்பிணியான செல்விக்குக் குளிர்சுரம் வந்தது. மாத்திரையில் இறங்கும், மறுபடி ஏறும்.

"தீமிதி முடியட்டுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். வேறு யாரோடாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பிதற்ற ஆரம்பித்தாள். காப்புக் கையோடு அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு கையிலும் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தும் மருந்து ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"கழுத்து வழியா இதயத்துக்கிட்ட குழாய் வைக்கணுங்க. வயித்துல பிள்ளை இருக்கு, அதனால எக்ஸ்ரே இல்லாம, இதயத்தோட மின்சாரத்தை வச்சே நுனி எங்க இருக்குன்னு பாக்கப்போறோம். ஈசிஜி கோட்டுல ஒரு சின்ன மேடு வரும். குழாய் நெருங்க நெருங்க அது உயரும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஈசிஜி திரை தெரிந்தது. மேடு உயரவே இல்லை. குழாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று வெளியே வந்த நர்ஸ் சொன்னார். "தாயே, தண்டனைய எனக்குக் குடு, அவள விட்டுடு" என்று வாய்விட்டு அழுதேன். குழாயை இழுத்து மறுபடி செலுத்தினார்கள். மேடு எழுந்தது. துடிப்புக்குத் துடிப்பு உயர்ந்தது. உச்சிக்குப் போய் அதன் வடிவம் லேசாக மாறியதும், நுனி கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று டாக்டரம்மா பின்னால் இழுத்து நிறுத்தினார். மருந்து ஏறியது. சாயங்காலத்துக்குள் பிரஷர் நிலைக்கு வந்தது.

பிள்ளை தங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. செல்வியின் மூக்கு. காப்புக் கட்டிய கையாலேயே புதைத்தேன்.

எல்லை தாண்டியதற்கு அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் பேசினார்கள். நான் நம்பவில்லை. மூன்று நாள் தாண்டாமல் இருந்த என் தப்புதான் அது. தாண்டிப் போன இடத்துக்கும் அம்மன் என்னோடு வந்தாள்.

செல்வி நடமாடுகிறாள். சில நேரம் வயிற்றைத் தடவியபடி உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் அவள் இருக்கிறாள். கோடி கும்பிடு தாயே.

நீங்களும் நம்பி வேண்டிக்கொள்ளுங்கள், கேட்பாள். ஆனால் வண்டியில் ஏறிக்கொண்டு வேண்டிக்கொள்ளுங்கள்.